அப்பாவின் புருவம்

"தொங்கிப்போன புருவம் மேலே ஏறணும் டாக்டர், நெத்திச் சுருக்கமும் போகணும். வேலைக்கு நல்லதுன்னுதான்…" என்று இழுத்தார் வங்கி மேலாளர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சிவந்தது.

"முடிக்குள்ள ரெண்டு சின்னத் துளைதான். தழும்பே தெரியாது," என்றார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து, வீக்கம் வடியும்வரை நண்பன் வீட்டில் ஒளிந்திருந்துவிட்டு, மூன்றாம் வாரம் திருட்டுப் பூனைபோல் வீட்டுக்குள் நுழைந்தார்.

"பத்து வயசு குறைஞ்சிருச்சே!" என்றாள் மனைவி.

அதைக் காதில் வாங்காமல், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனார்.

ஞாபகம் தடுமாறத் தொடங்கிய இந்த இரண்டு வருடமாக, அவரைக் கண்டாலே அம்மா தலையைக் கோதிக்கொண்டு, "என்னங்க, வந்துட்டீங்களா?" என்பாள். செத்துப்போன அப்பாவின் அதே புருவம், அதே நெற்றி. விருந்தாளிகள் முன்னால் அவருக்கு மானம் போகும். அந்த ஜாடையை அழிக்கத்தான் இத்தனை பாடும்.

அம்மா உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"தம்பி! நீயாடா? எப்ப வந்தே?"

அவர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அம்மா அவர் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கப்பாவை ரொம்ப நாளா காணோம்டா. என் மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்லேன்."