இடது முன் சக்கரம்

சக்கரத்துக்கு ஆயில் போகும் பிரேக் ஓஸின் முனையைக் கழற்றியதும் உள்ளிருந்து ஓர் இரும்புக் குண்டு உருண்டு வந்து மெக்கானிக் அந்தோணிராஜின் உள்ளங்கையில் விழுந்தது.

பட்டாணி அளவு. வீல் பேரிங்குக்குள் இருக்கிற குண்டு.

சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகும். மாற்றுச் சாமான் அன்றைக்குக் கிடைக்காது. வண்டிக்காரன் அவசரப்படுவான். அப்போது மெக்கானிக்குகள் செய்கிற வேலை இது. ஆயில் வரும் வழியில் ஒரு குண்டை வைத்து இறுக்கிவிட்டால் ஒழுகல் நின்றுபோகும். மற்ற மூன்று சக்கரம் பிடிக்கும். ஒரு நாள், ரெண்டு நாள் ஓட்டலாம்.

அதற்கு மேல் ஓட்ட விடுகிறவன் மனுஷனே இல்லை.

இதில் போட்ட பிரேக் பேடு போட்டபடியே இருந்தது. துளியும் தேயவில்லை. மாசக்கணக்கில் இந்தச் சக்கரம் பிரேக் பிடிக்கவே இல்லை.

சென்னீர்குப்பத்து ஷெட் வாசலில் ரெனிதா நின்றுகொண்டிருந்தாள். அவள் கணவன் பிராங்க் இந்தக் காரில்தான் செத்தான்.

வேலப்பன்சாவடியில், பட்டப்பகலில். முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. கார் வலது பக்கம் திரும்பி, பக்கத்தில் வந்த லாரிக்கு அடியில் புகுந்தது.

அவனேதான் திருப்பினான் என்றார்கள் பார்த்தவர்கள். வேலை போன ஆள், வேறென்ன செய்வான் என்றார்கள் பார்க்காதவர்கள். நாற்பதாம் நாள் பூசையிலும் அதே முணுமுணுப்பு. ஒன்பது வயது மகள் நிஷாவிடம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்.

காயலான் கடைக்குப் போகுமுன் காரை ரெனிதா இங்கே இழுத்து வரச் சொன்னது அதனால்தான்.

“வண்டி மேல தப்பா, இல்ல அவரே பண்ணிக்கினாரா? அத்த மட்டும் சொல்லிடுண்ணே. பொண்ணு கேக்குது.”

அந்தோணிராஜ் குந்திய இடத்திலேயே இருந்தார். இடது சக்கரம் பிடிக்காவிட்டால், மிதித்த மிதிக்கு வண்டி வலது பக்கம்தான் இழுத்துக்கொண்டு ஓடும். பிராங்க் மிதித்திருக்கிறான். பிழைக்கத்தான் மிதித்திருக்கிறான்.

சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. நிஷா தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போவாள்.

“பிரேக்ல ஒரு கொறையும் இல்லமா,” என்றார்.

ரெனிதா அழவில்லை. நசுங்கிய பானெட்டை ஒருமுறை தொட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“நீயே சொல்லிட்ட, அப்பறம் இன்னா கீது. உன்னத் தவிர வேற யாரையும் இந்த வண்டி மேல கை வைக்க உட்டதில்லண்ணே அவரு.”

குண்டை வைத்து இறுக்கிய அன்று, சாமான் வந்துவிடும், திங்கட்கிழமை வா என்று சொல்லித்தான் அந்தோணிராஜ் அவனை அனுப்பியிருந்தார். பிராங்க் சொன்னபடி திங்கட்கிழமை வந்தான். அன்றைக்கு ஷெட்டில் வண்டி நிறுத்த இடமில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்.

ரெனிதா ஷேர் ஆட்டோ ஏறிப் போகும்வரை அந்தோணிராஜ் மூடிய கையைத் திறக்கவில்லை.