விளக்குக் கம்பத்துக்கு எதிரே

உச்சி வெயிலில், புதிதாகத் தார் போட்ட சாலையின் நட்ட நடுவில், காண்ட்ராக்டர் கார்த்திகேசு கோட்டும் தலைப்பாகையுமாக விறைத்து நின்றார். சோதனைக்கு வரப்போகும் எஞ்சினியர் துரைக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை என்று ரிக்‌ஷாக்காரன்கூட வாயைப் பிளந்தான்.

மரியாதையாவது! கால் வரவில்லை. முந்தாநாள் வாங்கிய சீமைச் சப்பாத்து இரண்டும் தாரில் புதைந்து, பிடித்த பிடியை விடவில்லை.

“டேய் பிச்சைமுத்து! என்னடா இது, அல்வா மாதிரி இழுக்குது?” உதடு அசையாமல் சீறினார்.

ஓரத்தில் நின்ற, கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர் பிச்சைமுத்து தலையைச் சொறிந்தான். “நீங்கதானே முதலாளி சொன்னீங்க? துரை எப்பவும் விளக்குக் கம்பத்துக்கு எதிரதான் தடியால கிளறிப் பாப்பாரு, அங்க மட்டும் பீப்பாயக் கவுத்துடு, மத்த இடத்துல ஜல்லிக்குத் தாரு வாசனை காட்டினாப் போதும்னு.”

“மெதுவாப் பேசுடா!”

இன்று தேறிவிட்டால் ஆயர் ஈத்தாம் வரைக்கும் சாலை அவர் கையில். நாலு ஜல்லி பெயர்ந்தாலோ, பினாங்கில் இனி ஒரு சந்துகூடக் கிடைக்காது.

“ஆளுங்க வந்து தூக்கட்டுமா முதலாளி?”

“அவனுங்களும் ஒட்டிக்கிட்டா? வரிசையா நிக்கறதுக்கா?”

“அப்ப சப்பாத்த விட்டுட்டு வாங்கலா. மேல மண்ணத் தூவி மறைச்சிடறேன்.”

“வெறுங்காலோட துரை முன்னால நிக்க, நான் என்ன உன்ன மாதிரி கூலியாடா?”

பாம் பாம் என்று மோட்டார் வந்து நின்றது. இரும்புப் பூண் போட்ட தடியோடு துரை இறங்கினார். கார்த்திகேசு கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வலது சப்பாத்து லேசாக முனகியது, அவ்வளவுதான்.

துரை கை நீட்டினார். ஓரடி முன்னால் போக வழியில்லாமல், கார்த்திகேசு இடுப்பு ஒடிய வளைந்து எட்டிக் குலுக்கினார். துரை நெகிழ்ந்துபோனார்.

“இந்த வெயில்லே எனக்காக நிக்கறே. ரொம்ப நல்ல ஆள்!” என்றார், தோட்டத்தில் பழகிய தமிழில். கால் பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

கார்த்திகேசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வியர்வையைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

துரை தடியை ஓங்கினார். விளக்குக் கம்பத்தைப் பார்த்தார், அதற்கு எதிரே சிலையாய் நின்றவரைப் பார்த்தார், பிறகு அன்பாகத் தோளில் தட்டினார்.

“நீ நவுர வேணாம், இன்னிக்கு அந்தப் பக்கம் கிளறிப் பாக்கறேன்.”