படைக்காத பணியாரம்

பேச்சியம்மாள் கிறிஸ்தவ சபையில் சேர்ந்ததிலிருந்து படையல் பண்டம் எதையும் தொடுவதில்லை. அதனால் அவள் அம்மா, சாமிக்குப் படைக்கும் முன்பே மகளுக்கென்று ஒரு தூக்குச்சட்டியில் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். "உன் ஆண்டவருக்கும் கோவம் வராது, எங்க சுடலைக்கும் தெரியாது" என்று சிரிப்பாள்.

இன்று அம்மாவின் முதல் திவசம். படத்துக்கு முன்னால் இலை நிறையக் கருப்பட்டிப் பணியாரம். அப்பா அதே தூக்குச்சட்டியை நீட்டினார்.

"படைக்கதுக்கு முந்தியே எடுத்துட்டேன் தாயி. பயப்படாம தின்னு."

அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அம்மா இலையிலேருந்து ஒண்ணு வேணும்ப்பா. அம்மா சாமி இல்லன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க, எடுத்துக்கிடுதேன்."

ஒரு வருடமாக அம்மாவுக்கு விளக்கேற்றிக் கும்பிடுகிறவர் அவர். மெல்ல எழுந்துபோய்ப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பிறகு வாயைத் திறந்தார்.