ஈரூழியின் ஜன்னல்கள்

படாரென்று வந்து விழுந்தது புத்தகம். மேஜைக் கண்ணாடி அதிர்ந்து, பேனா ஸ்டாண்டு சாய்ந்து, பதிப்பாளரின் டீ பாதி மேஜையை நனைத்தது.

"பகல் கொள்ளை மாமா. சுத்தமான பகல் கொள்ளை" என்றாள் பல் டாக்டர்.

பதிப்பாளர் அவளுடைய அக்கா புருஷன். டீயைத் துடைத்துக்கொண்டே, "மெதுவா பேசு. இது உன் க்ளினிக் இல்லை, பதில் பேச முடியாம வாயைத் திறந்துக்கிட்டு உக்கார" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. பல் பிடுங்கிய நேரம் போக மீதி நேரமெல்லாம் அவள் சேர்த்தது ஒரே விஷயம்தான். விஞ்ஞானக் கதைகளில் வரும் கிரகங்கள். அதிலும், சூரியனுக்கு வெகு தொலைவில் இருக்கலாம் என்று ஊகிக்கப்பட்டு, இன்னும் எவர் கண்ணிலும் படாத கிரகங்கள்.

எந்தக் கதை, எந்தப் பத்திரிகை, எத்தனை நிலா, யார் குடியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. அந்தக் கையேடு அச்சாகி, பிரிக்காத கட்டுகளாக அந்த அறையின் சுவரோரம் நின்றது. அதற்குள் போன வாரம், அதே விஷயத்தில் வேறொருவர் புத்தகம் கடைக்கு வந்துவிட்டது.

"முதல்ல வந்தது அவர் புத்தகம். ஊர் யாரைத் திருடின்னு சொல்லும், சொல்லு?" பதிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "மச்சினின்னு பார்த்தா என் பேரும் சேர்ந்து கெட்டுப்போகும். நீ நிரூபிக்கலேன்னா இத்தனை கட்டும் பழைய பேப்பர் கடைக்குத்தான்."

"அதுக்குத்தான் அவரையே வரச் சொல்லியிருக்கேன்."

வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ரசிகர்கள் மத்தியில் 'வால்நட்சத்திரம்' என்று பெயர். எப்போதோ ஒருமுறை தலைகாட்டி, எல்லோரையும் அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டுக் காணாமல் போகிறவர். அவள் அவரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு புத்தகமும் ஒரே அச்சகம்" என்று ஆரம்பித்தாள். "என் பிரதி அங்க மாசக்கணக்கா கிடந்துச்சு. நீங்க அங்க போக வர இருந்திருக்கீங்க."

"நீங்களும்தான் போக வர இருந்திருப்பீங்க" என்றார் அவர். குரலில் கோபமில்லை. தூண்டிலில் மீன் இழுப்பதை உணர்ந்தவரைப் போல உதட்டில் ஒரு சிரிப்பு.

இரண்டு புத்தகங்களையும் ஒரே கிரகத்தில் விரித்து வைத்தாள். ஈரூழி. இரண்டிலும் அதே பெயர். வெளிச்சமில்லாத கரிய கிரகம். நிலா கிடையாது. சூரிய மண்டலத்தின் வெளிக்கோடியில் சுற்றும் பனிப்பாறைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவது அதன் இழுப்பினால்தான்.

அவருடைய புத்தகத்தில் மட்டும் ஒரு வரி கூடுதல். 'அங்குள்ள வீடுகளின் ஜன்னல்கள் எல்லாம் நம் பக்கம் பார்த்தே இருக்கும். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.'

அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் பிடரியில் யாரோ மூச்சு விட்டாற்போல் இருந்தது அவளுக்கு. அதுவும் அவள் எழுதியதுதான். எழுதிய கையோடு பயந்துபோய்த் தாளைக் கிழித்துப் போட்டாள். அன்று முதல் க்ளினிக் ஜன்னலில் திரை தொங்குகிறது. அச்சகத்துக்குப் போன பிரதியில் அந்த வரியே இல்லை. குப்பைக்கூடையைக்கூடவா கிளறினார் இந்த மனுஷர்?

"ஈரூழி வர்ற கதையை எந்தப் பத்திரிகையில படிச்சீங்க?" என்றார் வால்நட்சத்திரம்.

"அதை நான்தான் உங்ககிட்ட கேக்கணும்."

"கேளுங்க. ஆனா முதல்ல நீங்க சொல்லுங்க."

"சம்பந்தி வீட்டு விருந்து மாதிரி நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு உபசாரம் பண்ணாதீங்க. யாராவது ஒருத்தர் வாயைத் திறங்க" என்றார் பதிப்பாளர்.

"நானே சொல்றேன்." அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். "அப்படி ஒரு கதையே கிடையாது. பத்திரிகையும் கிடையாது, எழுதினவரும் கிடையாது. ஒரு சாயங்காலம் கடைசி பேஷண்ட் போனப்புறம் நானே உக்காந்து கட்டிவிட்டது. மொத்தப் புத்தகத்துலயும் அது ஒண்ணுதான் பொய். காப்பியடிக்கிற ஆள் அதையும் சேர்த்து அடிச்சு மாட்டட்டும்னு நான் வச்ச பொறி."

பதிப்பாளர் தொடையில் தட்டினார். "அடி சக்கை. இதை என்கிட்டகூடச் சொல்லலையே நீ."

"யார்கிட்டயும் சொல்லலை மாமா."

வால்நட்சத்திரத்தின் சிரிப்பு எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எழுதுறப்போ யோசிச்சு எழுதினீங்களா?"

உண்மையில் அவள் யோசிக்கவில்லை. ஒரு சொல்லைப் பத்து தடவை அடித்து எழுதுகிறவள், அன்று மட்டும் பார்த்து வந்த ஊரைப் பற்றி எழுதுவதுபோல் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்போ? ஒத்துக்கிறீங்களா, இல்லையா?"

"ஒத்துக்கிட்டா கோர்ட்டு கேசுன்னு அலைய வேண்டாம்" என்றார் பதிப்பாளர். "உங்க புத்தகத்தைக் கடையிலேருந்து எடுத்துடுங்க, போதும்."

அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பல் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்ட திருடனின் பார்வை இல்லை அது. தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த வியாதி இன்னொருவருக்கும் இருப்பதைக் கண்டவரின் பார்வை.

"என் புத்தகத்துலயும் அது ஒண்ணைத்தாம்மா நான் பொய்னு நினைச்சு எழுதினேன்."