பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி

சிதம்பரத்து ஆய்வுக்கூடத்தின் தரையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளை வரைந்திருக்கிறது. மூலையில் குளிர்பதனப் பெட்டி விடாமல் முனகுகிறது. கனிமொழியின் வெள்ளைக் கோட்டு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. புற்றுநோய்ச் செல்களின் மரபணுக்களைப் பற்றி அவள் எழுதிய கடைசிக் கட்டுரை, அச்சேறும் முன் திருத்தத்துக்கு வந்திருக்கிறது. கடலூரிலிருந்து வந்திருக்கும் அவள் கணவன் இளவரசு அதைக் கையில் பிடித்திருக்கிறான். அவள் பெயரின் ஓரத்தில் சிலுவை போல ஒரு சிறு கீறல். மை என்று நினைத்துக் கட்டைவிரலால் தேய்க்கிறான். போகவில்லை.

“அது மை இல்லண்ணா,” என்கிறாள் கனிமொழியிடம் ஆய்வு மாணவியாக இருந்த ஜான்சி. “எழுதுனவங்க இப்ப இல்லன்னா அந்தக் குறி போடுவாங்க. வேணாம்னா எடுக்கச் சொல்லிடுறேன். இன்னிக்குப் பதில் அனுப்பணும்.”

விரல் அங்கேயே நிற்கிறது. “பழைய கட்டுரைலெல்லாம்?”

“அதுல இல்ல. அதுல எல்லாத்துலயும் அக்கா உசுரோட இருக்காங்க. ஒரு கமா தப்புன்னாலும் என்னைத் திட்டுன அதே அக்கா.”

அவன் சிரிக்கப் பார்க்கிறான். “குறி இருக்கட்டும்மா. நெசந்தான.” தாளை மேசைமேல் வைத்து ஜான்சி பக்கம் நகர்த்துகிறான். பிறகு அலமாரியைத் திறந்து பழைய கட்டுரைகளை மார்போடு அள்ளிக்கொள்கிறான்.

“இவுங்கள நான் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”