ஆறுக்கு மூன்று

மூன்று என்று போட்டு, சிவப்பு மையில் வட்டமும் கட்டிவிட்ட பிறகுதான் தேவசகாயம் சார் கட்டுரையைப் படிக்கத் தொடங்கினார்.

எதிரே உட்கார்ந்திருந்த சிந்துஜா அந்த வட்டத்தையே பார்த்தாள். ஆறுக்கு மூன்று. எட்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் சிதம்பரத்தில் பஸ் ஏறி, மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை மாடியிலிருக்கும் இந்த அறைக்கு வந்து அவள் வாங்கிப் போகிற அதே மூன்று.

அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்க ஜி.ஆர்.இ. எழுத வேண்டும். அதில் வரும் கட்டுரைக்குக் கடலூர் மாவட்டத்திலேயே தேவசகாயம் சார் ஒருவர்தான் ஆள் என்று அவரே மாட்டிய போர்டு சொன்னது. பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.பில்.; அதற்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'அமெரிக்கா'. மகளின் பிரசவத்துக்குப் போய் நியூஜெர்சியில் நான்கு மாதம் பாத்திரம் கழுவியதில் வந்த தகுதி அது.

அப்பா ஞானசேகரன் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. "சார் வாயால அஞ்சுன்னு வரட்டும் பாப்பா. மறுநாளே பரீட்சைக்குப் பணம் கட்டிடறேன்."

சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருக்கும் அவர், எந்தப் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டாலும் பெண்கல்வி பற்றி அரைமணி நேரம் பேசாமல் மேடையை விட்டு இறங்கமாட்டார். 'என் மகளை அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறேன்' என்ற இடம் வந்ததும் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தவும் பழகியிருந்தார்.

வீட்டில் எதிர்க்கட்சி அம்மா மங்கலம்தான். பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனி வைத்திருக்கும் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். "தை பொறக்கற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பரீட்சை எழுதலன்னா தட்ட மாத்திடுவேன்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். இப்போது கார்த்திகை கடைசி.

வாக்கியமெல்லாம் நீளம் என்று ஒரு வாரம் மூன்று போட்டார் சார். வெட்டிக்கொண்டு வந்தாள், குட்டையாகிவிட்டது என்று மூன்று போட்டார். உதாரணம் போதாது என்றார், மூன்று. அடுத்த வாரம் உதாரணம் ஜாஸ்தி என்றார், அதற்கும் மூன்று.

அதனால்தான் இந்த வாரம் அவள் ஒரு வேலை செய்திருந்தாள். சேர்ந்த அன்றைக்கு எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாரே, 'ஆறுக்கு ஆறு' என்று தலைப்பிட்டு சாரே எழுதிய மாதிரிக் கட்டுரை, அதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

சார் படித்தார். முதல் பத்தியில் தலையாட்டினார். இரண்டாவது பத்தியில் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரியைத் தானே சொன்னார்.

"பிரமாதம்மா. நடைன்னா இதான் நடை."

"அப்ப மார்க்கு, சார்?"

"மார்க்கு மூணுதான்."

அந்த நேரம் பார்த்து அவள் பையிலிருந்த செல்போன் அடித்தது. அவள் எடுத்து 'ஹலோ' சொல்வதற்குள் அப்பா ஆறுதலில் இறங்கிவிட்டார்.

"மூணுன்னா மூணு, வுடு பாப்பா. மனசு ஒடஞ்சி போயிடாத. ஒங்கம்மாவ நான் பாத்துக்கறேன். பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காராத, ஈரக்காத்து."

இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்ததும் சிந்துஜாவுக்குக் கண் கலங்கியது. அந்த வேகத்திலேயே பழைய ஜெராக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், நான் குடுத்தது ஒங்க கட்டுரை. இதுல ஒங்க கையாலயே ஆறு போட்டிருக்கீங்க."

சார் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எங்கட்டுரை எனக்குத் தெரியாதாம்மா? மொத வரியிலயே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சேவா மூணு போட்டீங்க?"

சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒங்கள நம்பித்தான் எங்கப்பா தெனம் வீட்ல சண்ட போடறாரு. அஞ்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். இல்லன்னா ரெண்டு தாளையும் கீழ கடையில நூறு காப்பி எடுத்து பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டிட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

அடைப்புக்குறிக்குள் இருந்த அமெரிக்கா ஆட்டம் காண்பது சாரின் முகத்தில் தெரிந்தது. எழுந்துபோய்ப் படிக்கட்டில் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, வட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவை வைத்தார். பேனா அங்கேயே நின்றது. மை ஊறி ஒரு பொட்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"மொத மாசமே நீ அஞ்சுக்குத் தேறிட்டம்மா" என்றார் மெதுவாக.

"அப்பறம் ஏன் சார்?"

சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

"மூணத் தாண்ட வுடக்கூடாதுன்னு சொல்லித்தான் ஒங்கப்பா ஒன்ன இங்க சேத்தாரு."