ஒரு இலைக்கு இடமில்லை

“இந்த ஊரை உண்டாக்கிய வம்சம் இது! பதினோரு தலைமுறையாக இதன் ரத்தத்தில் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது!”

வம்ச வரலாற்றுக் குழுத் தலைவர் நாளைய திறப்பு விழா உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது தலைமுறை யாரென்று எவருக்கும் தெரியவில்லை. அதனால் அந்த இடத்தில் மட்டும் ஒரு குருவிக் கூடு வரையச் சொல்லியிருந்தார்.

ஊர்க் கூடத்தின் சுவர் முழுக்க வம்ச மரம் படர்ந்திருந்தது. வேரடியில், காட்டைத் திருத்தி ஊரை அமைத்த மூதாதை. அவருக்குப் படம் எதுவும் கிடைக்காததால் தலைவரின் மீசையையே இரவல் கொடுத்திருந்தார்கள்.

மரத்தில் ஆண்களுக்குக் கிளை, பெண்களுக்கு இலை. நட்ட நடுவில் தடித்த கிளையில் தலைவர் பெயர். அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இலையில் அவர் மனைவி பெயர்.

“ஐயா, உங்க கிளை மட்டும் ரொம்பப் பெருத்துப் போச்சு. மரம் ஒரு பக்கமா சாயுற மாதிரி இருக்கு,” என்றார் ஏணி மேலிருந்த பெயிண்டர்.

“சாஞ்சா சாயட்டும்யா. என் பேர் வாசல்ல நின்னா தெரியணும்.”

அப்போதுதான் தலைவருக்கு மருமகள் முறையாகும் நர்ஸ், தன் சின்ன மகளைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். புதிதாக எழுத்துக் கூட்டப் பழகியிருந்த அந்தக் குழந்தை, ஒவ்வொரு இலையாக விரல் வைத்துத் தன் பெயரைத் தேடியது. தேடி முடித்து அம்மாவைப் பார்த்தது.

“மாமா, என் இலைக்குப் பக்கத்துல பாப்பா பேரைக் காணோமே? விட்டுப் போச்சா?”

“விட்டுப் போகலம்மா. நானாத்தான் விட்டேன்.”

“ஏன் மாமா?”

“தத்தெடுத்த பிள்ளை. பாசமா வளர்த்துக்கோ, நல்லாப் படிக்க வை, யார் வேண்டாங்கிறா? ஆனா இது வம்ச மரம். கை காட்டுனவங்களை எல்லாம் ஏத்திக்க டவுன் பஸ் இல்ல. கட்டிக்கிட்டு வந்தவங்க பேரையே நான் சேர்க்கல.”

“அதான் இவ அப்பா பேர் இல்ல. அதைப் பத்தி நான் ஏதாவது கேட்டேனா? இவளுக்கு ஒரு சின்ன இலை போதும் மாமா, ஓரமா. நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் அவங்கவங்க பேரைத் தொட்டுக் காட்டும். இவ எதைத் தொடுவா?”

“குருவிக் கூட்டைத் தொடட்டும்.”

சொல்லிவிட்டுத் தலைவர் சிரித்தார். துணைக்கு யாரும் சிரிக்கவில்லை. சுற்றியிருந்த சொந்தங்களுக்கெல்லாம் திடீரென்று, ஏற்கெனவே துடைத்த நாற்காலிகளை மறுபடி துடைக்கும் வேலை வந்துவிட்டது.

காலி டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த தலைவரின் மனைவி தட்டைக் கீழே வைத்தார்.

“ஏங்க, ரத்தம் இருந்தாத்தான் பேரா?”

“ஆமா.”

“கூட இருக்கிறது, வளர்றது, எல்லாத்துக்கும் ஓடி வர்றது, எதுவும் சேத்தி இல்லையா?”

“சேத்தியே இல்ல! இந்த வீட்டு ரத்தம் இல்லாத பேர் ஒண்ணுகூட இந்தச் சுவத்துல இருக்கக் கூடாது. அது எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் சரி!”

பின்னால் யாரோ பழக்க தோஷத்தில் கைதட்டப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

நர்ஸ் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். “விடுங்க அத்தை. நாங்க நாளைக்கு வரல. நீங்களே நடத்திக்கோங்க.”

“நில்லுடி,” என்ற அத்தை, பெயிண்டரை அண்ணாந்து பார்த்தார். “தம்பி, ஐயா சொன்னது கேட்டுச்சுல்ல? அந்தத் தடிச்ச கிளையை முதல்ல அழிச்சிடுங்க.”

பெயிண்டர் பதறிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, அது ஐயாவோட பேரும்மா!”

“தெரியும். ஐயா எங்கப்பாவுக்கு வீட்டோட மாப்பிள்ளை.”